தும்மலும் க்ஷயமும்

வாளையாறு கடந்து பாலக்காட்டுக்குள் புகுந்த தமிழர் எவரும் அவ்வூர்க் காற்றை மறவார். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் கீழைக்காற்று வறண்டு, புழுதியோடு அவ்வாயிலில் விரைகிறது. தெற்கே போடிமெட்டு ஏறினால் இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் ஈரமும் மூடுபனியும் காத்திருக்கின்றன. இரண்டிடத்தும் பிழைக்கச் சென்ற நம்மவர் தும்மல், மூக்கடைப்பு, இருமல், இளைப்பு யாவற்றையும் ‘சளி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவர். அச்சொல்லுக்குள் ஒவ்வாமையும் தொற்றும் ஒளிந்திருக்கின்றன.

மூக்கில் தொடங்குவது மார்பில் முடியும் என்பது பழைய எண்ணமே. பீனிசம் இருமலுக்கும், இருமல் க்ஷயத்துக்கும் இடங்கொடுக்கும் என்று சரக சம்ஹிதை கொண்டது. 1882-இல் ராபர்ட் காக் க்ஷயக் கிருமியைக் காட்டியதும் அச்சங்கிலி அறுந்தது. தும்மல் முற்றிக் க்ஷயமாவதில்லை என்று தெளிந்தோம். 1906-இல் வியன்னா மருத்துவர் பிர்க்கே, அயற்பொருளை முன்பே சந்தித்த உடல் மறுமுறை மாறுபட்டு எதிர்கொள்வதற்கு ‘அலர்ஜி’ எனப் பெயரிட்டார். க்ஷயத் தொற்றைத் தோலில் கண்டறியும் சோதனையை மறு ஆண்டே வகுத்தவரும் அவரே!

நம் நாட்டில் எழுந்த குழப்பம் வேறு. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் க்ஷய மருத்துவமனை அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. பாலக்காடும் அம்மாகாணத்து மலபார் ஜில்லாவில்தான் இருந்தது. அங்கே பணிபுரிந்த ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-இல் ஒரு விந்தையை வெளியிட்டனர். இருமலும் மெலிவும் க்ஷயம் போலவே இருந்தன, கிருமியோ இல்லை. இரத்தத்தில் ஒவ்வாமைக்குரிய இயோசினோபில் அணுக்கள் மலிந்திருந்தன. 1943-இல் வைன்கார்ட்டன் இதற்கு ‘வெப்பமண்டல இயோசினோபிலியா’ என்று பெயர் சூட்டினார். க்ஷயம் என்ற சொல் விழுந்த வீட்டில் பெண் கொடுக்கவும் அஞ்சிய காலம் அது. பெயர் தவறினால் குடும்பமே தவித்தது.

மூலம் யானைக்கால் புழு. கொசுக்கடியால் உடலில் புகும் புழுவின் நுண்குஞ்சுகளை, தொற்றுற்றோருள் சிலரின் நுரையீரல் மட்டும் ஒவ்வாமையால் கடுஞ்சினத்துடன் எதிர்க்கிறது. ஆகத் தொற்றும் ஒவ்வாமையும் இங்கே ஒரே நோயாகி நிற்கின்றன. சிங்கப்பூரில் டாக்டர் தனராஜ் 1950-களில் டைஎத்தில்கார்பமசீன் மருந்தால் இதைத் தணித்தார். யானைக்காலை ஒழிக்க 2004 முதல் நாடெங்கும் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுதோறும் வழங்கப்பட்ட மாத்திரையும் அதுவே. பாலக்காடு அப்பட்டியலில் இருந்தது, இடுக்கி இல்லை.

சாதாரண மூக்கொவ்வாமைக்கும் மார்புக்கும் உறவுண்டு. மூக்கையும் மூச்சுக்குழல்களையும் ஒரே பாதையாகக் காணவேண்டும் என்று 1999-இல் உலக சுகாதார நிறுவனத்துடன் கூடிய வல்லுநர் குழு வற்புறுத்தியது. மூக்கு அடைபட்டால் வாயால் மூச்சு விடுகிறோம். வடிகட்டப்படாத புழுதியும் குளிரும் நேரே உள்ளிறங்குகின்றன. ஒவ்வாமை உள்ளவர்க்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மிகுதி. அவ்வாஸ்துமாவைப் பெரும்பாலும் கிளறிவிடுவது சாதாரண ஜலதோஷ வைரஸ்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலை ஒவ்வாமை என்று தாமே முடிவுகட்டி மாத்திரை விழுங்குவோர் நம்மிடையே பலர். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்குக் காசில்லை. டில்லியிலோ பம்பாயிலோ வாழும் அன்பர்க்கு இன்னொன்றும் கூறவேண்டும். இரவில் இருமல் வாட்டினால், தாம் பாலக்காட்டில் பல ஆண்டு வசித்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். யானைக்கால் புழு அவர் நினைவுக்கு எளிதில் வாராது.