மூன்று காலில் ஒரு வாழ்வு



கண்டியிலிருந்து மகாவலியைக் கடந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது பல்லேகல. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே, எங்கள் பாடசாலை வாயிலில், லொறி ஒன்று ஒரு நாயை மோதிவிட்டுச் சென்றது. அது எவருக்கும் சொந்தமான நாயன்று. மாணவர்களின் உணவுப் பொதிகளில் மிஞ்சிய சோற்றை உண்டு வளர்ந்தது. அதன் பின்னங்கால் ஒன்று எலும்பும் தசையுமாக நசுங்கிப் போயிற்று.

அதிபர் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார்கள். மூன்று காலுடன் அது என்ன வாழ்வு வாழும்? ஊசி போட்டு உயிரை விடுவிப்பதே கருணை என்றேன். எங்கள் காவலாளி சற்று நேரம் மௌனமாக நின்றார். பின்னர், "ஐயா, அதற்கு வலிக்கிறது என்பது பார்த்தாலே தெரிகிறது. அது சாக விரும்புகிறது என்பது நமக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார். அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. நாயைப் பேராதனைக்குக் கொண்டு சென்றோம். கால் அகற்றப்பட்டது.

அன்று எனக்கு விடை தெரியாதிருந்த அக்கேள்வியை மனித குலம் எவ்வாறு எதிர்கொண்டு வந்திருக்கிறது என்பதையே இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

வாய் பேசாத உயிர்களுக்கு மருத்துவம் செய்தல் நம் நாடுகளுக்குப் புதிதன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதைக் கூறுகிறது. சோழரையும் பாண்டியரையும் தாம்பிரபரணி எனப்பட்ட இலங்கையையும் அது அவ்விடத்திலேயே குறிப்பிடுகிறது. நம் தீவை 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட புத்ததாச மன்னன் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் தனியே வைத்தியரை நியமித்தான் எனச் சூளவம்சம் உரைக்கிறது. ரிக் வேதத்தில் அசுவினி தேவர்கள் விச்பலா என்பவளுக்கு இரும்புக் கால் பொருத்திய செய்தி உண்டு. அவள் ஒரு பெண் என்பர் சிலர். ஓட்டப் பந்தயத்தில் ஓடிய பெண் குதிரை என்பர் வேறு சில அறிஞர்.

ஆயினும் எண்ணம் இருந்த அளவுக்குக் கருவி இருக்கவில்லை. ஐரோப்பாவில் முதலாவது கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சின் லியோன் நகரில் 1762இல் தொடங்கியது. மயக்க மருந்தின் பயன் 1846இல் பொஸ்டன் நகரில் உலகறிய நிரூபிக்கப்பட்டது. புண் அழுகாமல் காக்கும் முறையை லிஸ்டர் 1867இல் வெளியிட்டார். இவை யாவும் கைவந்த பின்னரே, காலை அகற்றி உயிரைக் காத்தல் நம்பத்தக்க சிகிச்சையாயிற்று. அதற்கு முன்னர், கால் சிதைந்த பிராணியைக் கொன்றுவிடுதலைக் கருணை என்று மக்கள் கருதியதில் வியப்பில்லை.

சிகிச்சைக்குப் பின் பிராணி எவ்வாறு வாழ்கிறது? நாயின் உடற்பாரத்தில் ஏறக்குறைய 60 வீதத்தை முன்னங்கால்கள் இரண்டும் சுமக்கின்றன. ஆகவே பின்னங்கால் ஒன்றை இழந்த நாய் விரைவில் சமநிலை பெறுகிறது. எஞ்சிய பின்னங்காலை உடலின் நடுக்கோட்டை நோக்கி நகர்த்தி ஊன்றி நடக்கிறது. முன்னங்காலை இழந்ததற்குச் சற்றுக் கூடுதலான முயற்சி தேவை. நெதர்லாந்தில் இத்தகைய 44 நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளரிடம் விசாரித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவை ஒரு மாதத்துக்குள் புதிய நிலைக்குப் பழகிவிட்டமை தெரியவந்தது. மனிதரைப் போல, பிறர் தன்னை எவ்வாறு நோக்குவர் என்ற கூச்சம் நாய்க்கு இல்லை. இழந்ததை எண்ணி அது காலம் கழிப்பதாகத் தோன்றவில்லை. இருப்பதைக் கொண்டு எழுந்து நிற்கிறது.

ஆனால் எல்லா விலங்குக்கும் இவ்வாறு கைகூடுவதில்லை. உடல் பெருக்கப் பெருக்க இடர் பெருகும். குதிரையின் ஒரு கால் பழுதானால், பாரம் தாங்கும் மறு காலின் குளம்பு நோயுற்று அதுவும் கெடும். யானையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

கண்டியிலிருந்து மேற்கே, றம்புக்கனைக்கு அருகில், மகா ஓயாக் கரையில் பின்னவலை யானைகள் அநாதை இல்லம் இருக்கிறது. தாயை இழந்த யானைக் கன்றுகளைப் பேணுவதற்காக 1975இல் நிறுவப்பட்டது. அங்கு வளர்ந்தவற்றுள் சாமா என்னும் பெண் யானையை அறியாதார் இலர். போர்க்காலத்தில், கன்றாக இருந்தபோதே, மிதிவெடியில் அதன் முன்னங்கால் ஒன்றின் கீழ்ப்பகுதி சிதைந்தது. மூன்று காலில் தத்தித் தத்தி மந்தையோடு ஆற்றுக்கு இறங்கும் அக்காட்சியைக் கண்டவர்கள் பலர். அது வளர வளர உடற்பாரம் ஒருபுறம் சரிந்து முதுகெலும்பு வளையலாயிற்று. நாய்க்குக் கைகொடுத்த இயற்கை யானையைப் பாதி வழியில் கைவிட்டது.

இயற்கை கைவிட்ட இடத்தில் மனிதர் கைகொடுக்க முடியுமா? முடியும் என்று காட்டியது தாய்லாந்து. அங்கு மரம் இழுக்கும் தொழிலில் இருந்த மொத்தாலா என்ற யானை 1999இலும், மோசா என்ற கன்று 2006இலும் பர்மிய எல்லைப் பகுதியில் மிதிவெடியால் காலிழந்தன. லம்பாங்கில் உள்ள யானை வைத்தியசாலையில் இரண்டுக்கும் செயற்கைக் கால் பொருத்தினார்கள். கன்று வளர்ந்து பாரம் கூடக்கூட, மோசாவுக்குப் புதுக் கால் செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒருநாள் இரக்கத்தால் முடியும் காரியமன்று அது. ஆண்டுக்கணக்கில் தொடரும் கடமை.

நேயர்களே, சாமாவின் காலைப் பறித்தது நோயன்று, விதியுமன்று. மனிதன் மனிதனுக்காக மண்ணில் புதைத்த வெடி. அது மிதிப்பது போர்வீரனின் காலா, விறகு பொறுக்கும் சிறுவனின் காலா, யானைக் கன்றின் காலா என்று பார்ப்பதில்லை. போர் 2009இல் முடிந்தது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. எனினும் காலிழந்தோருக்கு நாம் பட்ட கடன் கையொப்பத்தோடு தீர்ந்துவிடுவதில்லை.

எங்கள் நாயின் செய்தியையும் கூறி முடிக்கிறேன். மூன்றாம் நாள் அது எழுந்து நின்றது, இருமுறை விழுந்தது, மீண்டும் எழுந்தது. ஒரு மாதம் செல்வதற்குள் மைதானத்தில் காகங்களைத் துரத்தியது. உடல் பருத்தால் எஞ்சிய கால்கள் நோகும் என்று வைத்தியர் எச்சரித்ததால், மாணவர்கள் முறைவைத்து அளவோடு உணவிட்டார்கள். மெழுகிட்ட சிமெந்துத் தரையில் வழுக்காதிருக்கக் காவலாளி பழைய சாக்குகளை விரித்து வைத்தார். அதற்கு நாம் செய்ய வேண்டியிருந்தது அவ்வளவே.

இன்றும் காலையில் நான் வாயிலுக்குள் நுழையும்போது அது வாலை ஆட்டிக்கொண்டு மூன்று காலில் ஓடி வருகிறது. அதன் உயிரைப் பற்றி நான் ஒருகால் வழங்கிய தீர்ப்பை அது அறியாது. நான் அறிவேன். பிற உயிரின் வாழ்வு வாழத் தகுந்ததா என்று தீர்மானிக்க முற்படுமுன், அதற்கு எழுந்து நிற்க ஒரு மாத அவகாசமேனும் அளிப்போமாக.