‘தே’ நடந்து வந்த வழி

ஆண், பெண் என்று பிரிக்காமல் ஒருவரைச் சுட்ட இன்று ஆங்கிலத்தில் எழுதப்படும் ‘தே’, பிறப்பால் ஆங்கிலச் சொல்லே அல்ல. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளோடு வந்த ஸ்காண்டிநேவியப் பன்மைச் சொல் அது. பழைய ஆங்கிலத்தின் சொந்தப் பன்மையை மெல்ல ஓரங்கட்டி, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1375-ஐ ஒட்டிய ஒரு கதைப்பாட்டிலேயே ஒருமைக்கும் அது வந்திருப்பதை ஆக்ஸ்போர்டு அகராதி காட்டுகிறது. சாசர், ஷேக்ஸ்பியர், ஜேன் ஆஸ்டின் எல்லோரும் தயங்காமல் எழுதினார்கள். யாரோ குடையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார், ஆணா பெண்ணா தெரியாது என்றால், ஆங்கிலம் பேசுகிறவர் வாயில் இயல்பாக வருவது ‘தே’தான்.

18-ஆம் நூற்றாண்டில் இலக்கண நூல்கள் குறுக்கே வந்தன. பொதுவாகப் பேசும்போது ஆண்பாலே இருபாலுக்கும் போதும் என்று எழுதியவர்களில் முந்தியவர், நியூகாஸில் ஆசிரியை ஆன் ஃபிஷர். 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே ஆக்கியது: சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்களையும் குறிக்கும்.

அந்த வாக்குறுதியை மான்செஸ்டர் பெண்கள் நம்பினார்கள். 1867-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் ‘மேன்’ என்றுதான் சொன்னது. அப்படியானால் எங்களுக்கும் வாக்கு உண்டு என்று ஆயிரக்கணக்கானோர் உரிமை கோரினார்கள். 1868-இல் நீதிமன்றம் முடியாது என்றது. ஆண்பாலுக்குள் பெண்ணும் அடக்கம் என்ற பேச்சு எவ்வளவு பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

புதுச்சொல் செய்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்க வழக்கறிஞர் சார்லஸ் கான்வர்ஸ் ஆக்கிய ‘தோன்’, 1934-இல் மெரியம் வெப்ஸ்டர் பேரகராதியில் ஏறியது. யாரும் பேசாததால் 1961 பதிப்பில் இல்லை. ‘தே’ மட்டும் தடையையும் மீறி மக்கள் வாயில் புழங்கிக்கொண்டே இருந்தது.

ஆணாகவோ பெண்ணாகவோ தம்மைக் கருதாதவர்கள் தங்களுக்கென அதைத் தேர்ந்துகொண்ட பிறகு எழுத்துலகமும் இறங்கி வந்தது. 2015-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அனுமதித்தது. 2019-இல் மெரியம் வெப்ஸ்டர் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அதே ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நெறிநூலும் ஏற்றது. ‘ஹி ஆர் ஷி’ என்று வரிக்கு வரி இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரே ஆளைச் சுட்டினாலும் ‘தே’வுக்குப் பின் ‘இஸ்’ வராது, ‘ஆர்’தான். பன்மையாகப் பிறந்து ஒருமைக்கு வந்த ‘யூ’வும் அப்படித்தான். ஒருவரை ‘யூ’ என்று சுட்டுவதை எதிர்த்து 1660-இல் குவேக்கர் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் ஒரு நூலே கொண்டுவந்தார். இன்று ‘யூ ஆர்’ என்பதைப் பிழை என்று எந்த ஆசிரியரும் அடித்துத் திருத்துவதில்லை.