உவர்நீரும் தீவன இளம்பயிரும்: செங்கல்பட்டுக் கடலோரம்

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எனப் பாலாற்று முகத்துவாரம் வரை நீளும் மணல்வெளியில் மாட்டுத்தீவனம் தனி இறைவைப் பயிரானது பிற்காலத்தில்தான். செங்கல்பட்டு ஏரிகளின் சீமை. நெல் வீட்டுக்கு, வைக்கோல் மாட்டுக்கு, மிச்சப் பசிக்கு மேய்ச்சல். உப்புத்தண்ணீரில் புல் முளைக்குமா என்ற கேள்வியே அப்போது எழவில்லை. மோட்டார் பம்பும் கறவை மாடும் அதை எழுப்பின.

இங்கு மணலடி நல்ல நீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. 1880களின் இறுதியில் பாடன் கைபனும் 1901இல் ஹெர்ஸ்பெர்க்கும் தந்த கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும். இறைத்து மேல்மட்டத்தைக் குறைத்தால் கீழிருந்து உப்பு பல மடங்கு ஏறும். கரைக்கு உட்புறமோ, 1878இல் பெயர் பெற்ற பக்கிங்காம் கால்வாயில் கடல் ஓதம் ஏறி இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கிறது கிணறு. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு கடல்நீர் கலந்தாலே உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசைமன்ஸை ஒட்டி வந்துவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமி ஒரே நாளில் உப்பைக் கொட்டியது. கிணற்று உப்பு ஓசையில்லாமல் வருவது, அதனாலேயே கவனிக்கப்படாதது.

உவர் நிலத்துக்கு 4 டெசிசைமன்ஸ் என்ற எல்லையை அமெரிக்காவின் ரிவர்சைடு உவர்மண் ஆய்வகம் 1954இல் வெளியிட்ட கையேடு பரப்பியது. 1977இல் ஆய்வாளர்கள் மாஸும் ஹாஃப்மனும் பயிர்வாரியாக மண்சாற்றின் தாங்கு எல்லைகளைத் தொகுத்தனர். பின்னர் விரிவாக்கப்பட்ட அந்தப் பட்டியலில்: மக்காச்சோளம் 1.8, குதிரைமசால் 2.0, தீவனத் தட்டைப்பயறு 2.5, சோளம் 6.8. பட்டியலைப் பார்ப்பவர் சோளத்தை விதைத்து நிம்மதியாக இருப்பார். ஆனால் அவை பெரும்பாலும் வேர்பிடித்து நின்ற பயிருக்கான எண்கள். 8 வரை தாங்கும் பார்லி, முளைப்பருவத்தில் 4, 5க்கு மேல் தாங்காது என்று பட்டியலின் அடிக்குறிப்பே சொல்கிறது. அடிக்குறிப்பில் ஒதுங்கியிருக்க வேண்டிய செய்தியல்ல இது.

காரணம் மேல்மண்ணில் இருக்கிறது. வெயிலில் நீர் ஆவியாக, பாரின் உச்சியில் உப்பு வெள்ளையாகப் பூக்கிறது. முளையின் வேர் நிற்பதும் அந்த மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டரில்தான். உப்புக் கரைசலிலிருந்து விதையால் எளிதில் நீரை இழுக்க முடியாது. அதனால் முளைப்பு தாமதமாகிறது, வரிசையில் இடைவெளி விழுகிறது. முளைத்தவற்றில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து இலைநுனி கருகும். தப்பிய பயிர் வேரை ஆழத்துக்கு இறக்கிக்கொள்ளும்.

எனவே பாரின் உச்சியை விட்டுப் பக்கச்சரிவில் விதைப்பதும், ஐப்பசி மழையில் உப்பு கீழிறங்கியபின் விதைப்பதும் விலையுயர்ந்த ரகத்தைவிடப் பயன் தரும். கோவையில் 1953இல் உருவான கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கரணையாக நடப்படுவதால் முளைப்புக் கண்டத்தைத் தாண்டிவிடுகிறது. சேமித்த உணவோடு மண்ணுக்குள் போகிற துண்டு அது. ஆனாலும் கோடையில் உப்பு திரளும். அவ்வப்போது கூடுதலாகப் பாய்ச்சிக் கரைத்திறக்க வேண்டும்.

உப்பளக் கரைகளில் தானாக வளரும் உமரிச் செடிகளைத் தீவனமாக்கும் சோதனைகளும் பல நாடுகளில் நடந்துள்ளன. சாம்பலில் உப்பு மிகுதியாதலால் வேறு தீவனத்தோடு கலந்தே கொடுக்க முடியும். உப்பிலேயே வாழும் இவ்வகைச் செடிகளிலும் பெரும்பாலானவற்றின் விதை நன்றாக முளைப்பது நல்ல நீரில்தான்.