பழைய மருத்துவக் கருவிக்கு விலை எங்கே இருக்கிறது?

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது நம் நாட்டுப் பழமொழி. எந்திரங்களைப் பற்றியும் கொங்கு நாட்டில் ஏறத்தாழ இதே எண்ணந்தான். ஓடுகிற வரையில் ஓட்டலாம். பிறகு இன்னொருவருக்கு விற்கலாம். எவரும் வாங்காவிட்டால் பழைய இரும்பு வியாபாரி எடை போட்டு எடுத்துக்கொள்வார். பழைய லேத் ஒன்றை வாங்கித் தொழிலைத் தொடங்கியவர்களைக் கோவையின் பட்டறைத் தெருக்களில் இன்றும் காணலாம்.

மருத்துவக் கருவிகளும் இப்படித்தானா? மருத்துவமனை ஒன்று புதிய எக்ஸ் கதிர்க் கருவியை வாங்கும்போது பழையதை என்ன செய்வது, அதற்கு என்ன விலை கிடைக்கும் என்ற கேள்வி எழுகிறது. மேலே புதுப் பூச்சுப் பூசினால் விலை நிற்குமா? இதற்கு விடை தேடினால் இயற்பியல் வழியாகவும், சில துயர நிகழ்ச்சிகளின் வழியாகவும் செல்லவேண்டியிருக்கிறது.

கைமாறிய எந்திரம் ஒன்றிலிருந்தே தொடங்குவோம். கோவையின் புகழ்பெற்ற தொழில் மேதை ஜி.டி. நாயுடு (1893-1974) இளைஞராக இருந்தபோது, ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, அது எப்படி இயங்குகிறது என்பதைத் தாமே கற்றுக்கொண்டார். மோட்டார் சைக்கிள் தன் நிலையை மறைப்பதில்லை. திறந்து பார்த்தால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். ஓட்டிப் பார்த்தால் காதுக்குக் கேட்கும். அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடிப்பவர் பல்லைப் பார்த்து வயதை அறிவதும், சுழி பார்ப்பதும், நடக்க விட்டுப் பார்ப்பதும் இதைப் போன்றதே.

எக்ஸ் கதிர்க் கருவிக்குப் பல் பிடித்துப் பார்க்க முடியாது. 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அவர் காலத்துக் குழாய்களில் சிறிதளவு வாயு இருந்தது. அவை ஒரு நாள் போல் மறு நாள் வேலை செய்யமாட்டா. 1913-இல் அமெரிக்காவில் கூலிட்ஜ், காற்றை நன்றாக நீக்கிய குழாயில் சூடேறும் டங்ஸ்டன் இழையை அமைத்து இக்குறையைத் தீர்த்தார். இழையிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் உயர் மின்னழுத்தத்தால் விரைந்து சென்று எதிரிலுள்ள நேர்மின்வாயில் மோதுகின்றன. அங்கே எக்ஸ் கதிர்கள் பிறக்கின்றன. இன்றைய குழாய்களும் இதே அடிப்படையில் அமைந்தவையே.

இந்தக் குழாய் எப்படி முதுமை அடைகிறது? சூடேறும் ஒவ்வொரு தடவையும் டங்ஸ்டன் இழை சிறிது ஆவியாகி மெலிகிறது. அந்த ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் படிகிறது. நேர்மின்வாயின் வழுவழுப்பான பரப்பு, மோதல்களால் சொரசொரப்பாகிறது. குளிர்ந்திருக்கும் குழாயை எடுத்த எடுப்பிலேயே முழுச் சுமையில் இயக்கினால் நேர்மின்வாயில் வெடிப்பும் ஏற்படலாம். இவை அனைத்தும் காரீய உறையிட்ட பெட்டிக்குள், எண்ணெய்க்கு நடுவில், வெற்றிடக் குழாய்க்குள் நடக்கின்றன. பெட்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கினாலும் உள்ளே இருக்கும் குழாயின் வயது குறைவதில்லை. குழாயோ கருவியின் விலையுயர்ந்த பாகங்களுள் ஒன்று.

ஆகவே வாங்குபவர் கேட்கவேண்டியது பதிவேட்டைத்தான். குழாய் எந்த ஆண்டு பொருத்தப்பட்டது? ஏறக்குறைய எத்தனை படங்கள் எடுக்கப்பட்டன? 70 கிலோவோல்ட் என்று திருகினால் உண்மையில் 70 கிலோவோல்ட் வருகிறதா என்று கடைசியாக எப்போது சோதித்தார்கள்? இவற்றுக்கு எழுத்தில் விடை இருந்தால் அது கருவி. இல்லையென்றால், எவ்வளவு நல்ல கருவியானாலும், வாங்குபவர் அதன் குழாய் தேய்ந்துவிட்டது என்றே கணக்கிட்டு விலை கேட்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

மாணவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லவேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டால் எக்ஸ் கதிர்க் கருவியிலிருந்து கதிர் எதுவும் வராது. விளக்கை அணைத்தால் ஒளி நின்றுவிடுவது போலத்தான். பழைய எக்ஸ் கதிர்க் கருவி கதிரியக்கப் பொருளன்று. கோபால்ட் கருவியின் கதை முற்றிலும் வேறு.

புற்றுநோய்க்குக் கோபால்ட்-60 கதிர்வீச்சால் சிகிச்சை செய்வது 1951-இல் கனடாவில் தொடங்கிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1950-களின் பிற்பகுதியிலேயே இக்கருவியைப் பெற்றது. இதில் கதிர்களைத் தருவது மின்சாரம் அன்று. கோபால்ட் அணுக்களின் சிதைவு. அதன் அரைவாழ்வுக் காலம் 5.27 ஆண்டுகள். அதாவது கதிர்வீச்சின் வலிமை மாதத்துக்குச் சற்றேறக்குறைய ஒரு சதவீதம் குறைந்துகொண்டே வரும். தொடக்கத்தில் 2 நிமிடம் எடுத்த சிகிச்சைக்கு ஐந்தேகால் ஆண்டு கழித்து 4 நிமிடம் வேண்டும். கருவியைப் பயன்படுத்தினாலும் பூட்டி வைத்தாலும் இதே கணக்குத்தான். இங்கே விலையைப் பூட்டிப் பாதுகாக்க முடியாது.

ஆனால் விலை போன வேகத்தில் ஆபத்து போய்விடாது. இதை உலகம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 1977-இல் மெக்சிகோ நாட்டின் ஹுவாரெஸ் நகரிலுள்ள மருத்துவமனை ஒன்று, அமெரிக்காவிலிருந்து பழைய கோபால்ட் கருவி ஒன்றை வாங்கியது. உரிய அனுமதி பெறப்படவில்லை. இயக்குவதற்கு வல்லுநர் கிடைக்காததால் கருவி கிடங்கிலேயே கிடந்தது. 1983 டிசம்பரில் அது பழைய இரும்பாகக் கடைக்குப் போயிற்று. உள்ளே இருந்த ஏறக்குறைய 6000 சிறு கோபால்ட் மணிகள் சிதறி, மற்ற இரும்போடு உலைக்குச் சென்று, கட்டடக் கம்பிகளாகவும் மேசைக் கால்களாகவும் உருமாறின. 1984 ஜனவரியில் அந்தக் கம்பிகளை ஏற்றிய லாரி ஒன்று, அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தருகே செல்ல நேர்ந்தபோது, அங்கிருந்த உணர்கருவி ஒலித்தது. செய்தி வெளிப்பட்டது அப்படித்தான். அந்தக் கம்பிகளால் கட்டப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான கட்டடங்களை மெக்சிகோவில் இடிக்கவேண்டியதாயிற்று.

1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனையில் கிடந்த சீசியம்-137 கருவியைச் சிலர் கழற்றி விற்றனர். நால்வர் உயிரிழந்தனர். நம் நாட்டிலும் இது நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்காக வாங்கப்பட்ட கோபால்ட் கருவி ஒன்று, 1985-லிருந்து பயன்படாமல் கிடந்து, 2010 பிப்ரவரியில் ஏலத்தில் விற்கப்பட்டு, மாயாபுரி பழைய இரும்புச் சந்தையை அடைந்தது. அதைப் பிரித்தவர்கள் நோயுற்றனர். ஏப்ரலில் ஒருவர் இறந்தார். அப்போது கருவிக்கு வயது ஏறத்தாழ 40 ஆண்டு. அரைவாழ்வுக் கணக்குப்படி தொடக்க வலிமையில் இருநூறில் ஒரு பங்களவே எஞ்சியிருக்கும். அந்த ஒரு பங்கே உயிரைக் கொள்ளப் போதுமானதாயிற்று.

மூன்று இடங்களிலும் நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று விளங்கும். கருவி இருந்தது, அது இன்னதென்று சொல்லக்கூடியவர் இல்லை, சொல்லும் காகிதமும் அதனோடு செல்லவில்லை. பெயரை இழந்த கருவி எடைக்குப் போயிற்று.

இது கோவைக்குத் தொலைவிலுள்ள செய்தி அன்று. நம் வார்ப்பாலைகள் பழைய இரும்பை உருக்கியே பம்பு உடல்களையும் மோட்டார் உறைகளையும் வார்க்கின்றன. கோபால்ட் கலந்த இரும்பு நிறத்திலும் எடையிலும் வேறுபட்டுத் தெரியாது; சூடும் அதன் கதிரியக்கத்தை அழிக்காது. 2008-இல் இந்தியாவில் செய்து அனுப்பிய மின்தூக்கிப் பொத்தான்களில் கோபால்ட்-60 இருப்பது பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்டது. அளக்கும் கருவி இல்லாத உலைக்கூடத்தில் இதைக் கண்டறிய வழியே இல்லை.

இத்தகைய நிலைக்காகவே சட்டங்கள் உள்ளன. 1983-இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் 2004-இல் வந்தன. கதிர்வீச்சுக் கருவியை விற்பவர் வாரியத்துக்குத் தெரிவிக்கவேண்டும். வாங்குபவரும் அனுமதி பெற்றவராக இருக்கவேண்டும். கதிரியக்க மூலம் பழைய இரும்புக் கடைக்கு அல்ல, அதை ஏற்க அனுமதி பெற்ற இடத்துக்கே திரும்பவேண்டும்.

கதிரியக்கமே இல்லாத ஒலியலை ஸ்கேன் கருவிக்கும் கட்டுப்பாடு உண்டு, காரணம் வேறு. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுவரை உள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 850 பெண் குழந்தைகளே இருந்தனர். கருவிலிருக்கும் குழந்தையின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 2003-இல் திருத்தப்பட்டது. பதிவு பெறாத எவருக்கும் ஸ்கேன் கருவியை விற்கக் கூடாது. பழைய கருவிக்கும் இது பொருந்தும். யார் கைக்குப் போகிறது என்று தெரியாமல் விற்றால் நல்ல விலை கிடைக்கலாம். அந்த விலையைக் கொடுப்பது பிறக்காத பெண் குழந்தையாக இருக்கக்கூடும்.

அப்படியானால் விலையைக் காப்பது எப்படி? வாங்கிய ரசீது, இயக்கும் முறை நூல், சோதனைச் சான்றுகள், பழுது பார்த்த விவரம், அனுமதிச் சீட்டு இவற்றை ஒரே கோப்பில் வைத்திருக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் குழாயைச் சூடேற்றிய பிறகே படம் எடுக்கவேண்டும். மழைக்காலத்தில் நுண்ணோக்கியின் வில்லைகளில் பூசணம் பிடிக்காமல் சிலிக்கா ஜெல் வைக்கவேண்டும். இவையெல்லாம் செலவு குறைந்த வேலைகள். வாங்குபவருக்கு இவை நம்பிக்கை தரும். அந்த நம்பிக்கைக்குத்தான் அவர் பணம் கொடுக்கிறார். அதே கோப்புத்தான், கருவி வாழ்நாள் முடிந்து வெளியேறும்போது, அது எங்கே போகவேண்டும் என்பதையும் சொல்கிறது.

மருத்துவமனை அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் நாளில் மூலையில் கிடக்கும் பழைய நோட்டுகளைப் பேப்பர் கடைக்குப் போடுவது வழக்கம். போடுமுன் ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது. அதில் கருவியின் நோட்டு போய்விட்டால், பின்னொரு நாள் கருவியும் அதே தராசில் ஏறும்.