நோயாளியின் அருகிருப்போர்

காசநோயை நம் முன்னோர் எலும்புருக்கி என்றனர். அந்நோய் ஓர் இல்லத்துள் புகுந்தால் நோயாளியோடு நின்றுவிடாது, கஞ்சி ஊட்டியவரையும் சளிக்கிண்ணம் கழுவியவரையும் பற்றிக்கொள்ளும் என்ற அச்சம் நெடுங்காலம் நிலவியது. நோயாளிக்குத் தனித்தட்டும் தனிக் குவளையும் ஒதுக்கிய வீடுகளைப் புதுவையில் என் இளமையில் நானே கண்டிருக்கிறேன்.

அவ்வச்சம் வெறும் மூடநம்பிக்கையன்று. 1882இல் ராபர்ட் காக் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். தட்டும் குவளையும் அன்று, இருமலில் எழுந்து காற்றில் கலக்கும் நுண்திவலைகளே அதனைப் பரப்புகின்றன. ஆதலின் நோயாளியை வீட்டினின்று பிரித்து வைக்கும் சானடோரியங்கள் எங்கும் எழுந்தன. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து ஒன்றை நிறுவினார். (பிரெஞ்சு ஆட்சி நம் ஊரை விட்டு 1954இல் அகன்றது, ஆனால் கால்மெத், கெரின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் ஆக்கிய பி.சி.ஜி. தடுப்பூசி இன்றும் நம் குழந்தைகளின் தோளில் இடப்படுகிறது.)

நோயாளர் பலர், படுக்கைகளோ சில. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் துணிந்து ஒரு சோதனை செய்தது. ஏழை நோயாளரில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றவரை நெருக்கடியான தம் வீடுகளிலேயும் வைத்து, இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகளை அளித்தது. வீட்டிலிருந்தோர்க்கு நல்லுணவு இல்லை, ஓய்வும் குறைவு. எனினும் குணமடைந்தோர் தொகையில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959இல் முடிவு வெளியாயிற்று.

எனக்கு இதனினும் பெரிதாகத் தோன்றுவது அடுத்த வினாவே. வீட்டிலிருந்து பணிவிடை செய்தோர் கதி என்ன? உறவினரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தனர். நோயாளியைப் பிரித்து வைத்த குடும்பங்களைவிட, உடன் வைத்திருந்த குடும்பங்களில் நோய் மிகுதியாகத் தோன்றவில்லை. காரணம் எளிது: தொற்று பெரும்பாலும் நோயைக் கண்டறியும் முன்னரே நேர்ந்துவிடுகிறது, மருந்து தொடங்கியதும் பரப்பும் ஆற்றல் விரைந்து குன்றுகிறது. தாயையோ கணவனையோ பிரிய நேருமோ என்று கலங்கிய எத்தனையோ இல்லங்களுக்கு இது விடுதலைச் செய்தி.

ஆயினும் இது தொற்று என்னும் ஒரு வினாவிற்கே விடை. நோயாளி வீட்டிலேயே இருந்தால் சுமையும் வீட்டிலேயே இருக்கிறது. உறக்கமின்மை, வேளை தவறிய உண்டி, கூலி இழந்த நாள் ஆகியவை மனைவியின் அல்லது மகளின் உடம்பில் மெல்ல ஏறுகின்றன. கிருமி தொற்றாதவளும் இளைக்கிறாள். இன்று நோயாளியோடு வாழ்வோரையும் சோதித்துத் தடுப்பு மருந்து தருகிறார்கள். இரவில் அவள் எத்தனை நாழிகை உறங்கினாள் என்று கேட்பவர் அரியர்.