கேஎல்-6: நுரையீரல் தழும்பைக் காட்டும் குருதிக் குறிகாட்டியின் வரலாறு

கேஎல்-6 என்பது நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் உள்ள ஒருவகை உயிரணுக்களின் மேற்பரப்பில் அமைந்த, சர்க்கரைச் சங்கிலிகள் நிறைந்த பெரிய புரதம் ஆகும். நுண்ணறைச் சுவர் சேதமடையும்போது இது குருதியில் கலக்கிறது. எனவே நுரையீரலில் தழும்பு படரும் நோய்களைக் கண்டறியவும் கண்காணிக்கவும் இதன் அளவு குருதியில் பார்க்கப்படுகிறது. 2020-ஆம் ஆண்டு கோவிட்-19 பெருந்தொற்றின்போது, பிழைத்தவர்களில் யாருக்கு மூச்சுத்திணறல் நிலைத்துவிடும் என்ற கேள்விக்கு விடை தேடிய மருத்துவர்கள் நாடிய சோதனைகளுள் இதுவும் ஒன்று.

தழும்பு உருவாகும் விதம்

காற்று நுண்ணறையின் உட்புறத்தில் இருவகை உயிரணுக்கள் உள்ளன. முதல் வகை மிக மெல்லியது. அதன் வழியாகவே ஆக்சிஜன் குருதிக்குச் செல்கிறது. இரண்டாம் வகை, நுண்ணறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் வழவழப்பான பொருளைச் சுரக்கிறது. முதல் வகை அழிந்தால் இரண்டாம் வகையே பெருகி, உருமாறி, அந்த இடத்தை நிரப்பும். இன்ஃபுளுவென்சா, சார்ஸ், கோவிட்-19 ஆகியவற்றின் தீநுண்மிகள் இந்த இரண்டாம் வகையையும் தாக்குகின்றன. பழுதுபார்ப்பவரே படுத்துவிட்டால் வேலை முறையாக நடக்காது. நார்த்திசு உயிரணுக்கள் அங்கு வந்து கொலாஜனைப் படிய வைக்கின்றன. தோலில் ஏற்படும் தழும்பு பெரும்பாலும் அழகைத்தான் கெடுக்கும். நுண்ணறைச் சுவரில் ஏற்படும் தழும்போ ஆக்சிஜனின் பாதையையே தடிமனாக்கிவிடும்.

இதை உறுதிசெய்ய நுரையீரல் திசுவை வெட்டி எடுத்துப் பார்க்கலாம். ஆனால் மூச்சுக்குப் போராடும் நோயாளியிடம் அதைச் செய்வது ஆபத்தானது. சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டுமானால் தொற்றுள்ளவரை வார்டிலிருந்து நகர்த்த வேண்டும். கொஞ்சம் குருதியில் விடை கிடைக்குமானால் அதன் பயன் பெரிது.

ஹிரோஷிமாவில் கண்டுபிடிப்பு

1975-இல் ஜார்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும் ஒரே ஒரு இலக்கை மட்டும் பற்றும் பிறபொருளெதிரிகளை ஆய்வகத்தில் உருவாக்கும் முறையைக் கண்டறிந்தனர். (1984-இல் இதற்காக நோபல் பரிசு பெற்றனர்.) அந்த முறையைக் கொண்டு புற்றுநோயை அடையாளம் காணும் முயற்சி பல நாடுகளில் தொடங்கியது. ஹிரோஷிமாவில் நோபுவோகி கோனோவும் அவருடைய குழுவினரும் நுரையீரல் புற்றுநோய் உயிரணுக்களை எலிகளுக்குச் செலுத்தி, அவற்றிலிருந்து பல பிறபொருளெதிரிகளைப் பெற்றனர். இக்குழுவில் சிலர், அணுகுண்டுக்குத் தப்பியவர்களின் உடல்நலத்தை ஆராய ஜப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து அமைத்த கதிர்வீச்சு விளைவுகள் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்.

பிறபொருளெதிரிகளுக்கு இட்ட பெயர் ஜெர்மன் மொழியில் அமைந்தது. ‘கிரெப்ஸ் ஃபொன் டென் லுங்கன்’ என்றால் நுரையீரல் புற்றுநோய். மெய்ஜி காலத்தில் ஜப்பான் ஜெர்மானிய மருத்துவத்தையே முன்மாதிரியாகக் கொண்டது. நோயாளியின் குறிப்பேட்டுக்கு இன்றும் அங்கே ‘கார்ட்டே’ என்றுதான் பெயர். அந்தப் பழக்கத்தின் எச்சமே இந்த ‘கேஎல்’. ஆறு என்பது வரிசை எண்.

குழுவினர் எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறு. புற்றுநோய் இல்லாத, ஆனால் நுரையீரல் இடைத்திசு அழற்சி கொண்ட நோயாளிகளின் குருதியிலும் கேஎல்-6 மிகுந்திருந்தது. அதிலும் நோய் தீவிரமாக இருந்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. புற்றுநோய்க் குறிகாட்டி என்ற நோக்கில் பார்த்தால் இது குறை. அந்தக் குறையையே கண்டுபிடிப்பாக மாற்றியதுதான் இக்குழுவின் உண்மையான சாதனை எனலாம். 1989-இல் இதனை இடைத்திசு அழற்சியின் புதிய குறிகாட்டியாக அறிவித்தனர். ஒரு மில்லிலிட்டருக்கு 500 அலகு என்பது எல்லைக்கோடாக வழக்குக்கு வந்தது. 1999-இல் ஜப்பானிய மருத்துவக் காப்பீடு இச்சோதனையை ஏற்றது. 1997-இல் வெளியான ஓர் ஆய்வு, கேஎல்-6 நார்த்திசு உயிரணுக்களைத் தன்பால் ஈர்க்கிறது என்று காட்டியது. அதாவது அது தழும்பின் சாட்சி மட்டுமன்று, ஓரளவு உடந்தையாகவும் இருக்கக்கூடும்.

சார்ஸ் முதல் கோவிட் வரை

2003-இல் சார்ஸ் பரவி, 8,096 பேரைப் பாதித்து 774 பேரைக் கொன்றது. ஹாங்காங் மருத்துவர்கள் அப்போது நம்பியது எல்.டி.எச். என்ற நொதியை, அது மிக உயர்ந்தவர்களின் நிலை மோசமாக இருந்தது. ஆனால் அந்த நொதி கல்லீரல், தசை, சிவப்பணு என உடலெங்கும் இருப்பதால், சேதம் எங்கே என்று அது சொல்லாது. நோயிலிருந்து மீண்டவர்கள் சிலரின் நுரையீரலில் தழும்பு நெடுநாள் தங்கியது பின்னர் தெரியவந்தது.

கோவிட்-19 வந்தபோது சீனா, ஜப்பான், இத்தாலி ஆகிய நாடுகளில் கேஎல்-6 அளக்கப்பட்டது. கடுமையாக நோயுற்றவர்களிடம் அது, இலேசாக நோயுற்றவர்களைவிட உயர்ந்திருந்தது. ஆனால் அனுமதியன்று பார்த்த அளவைக் கொண்டு, சில மாதங்கள் கழித்து யாருக்குத் தழும்பு எஞ்சும் என்று சொல்ல முடியுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. இதற்குக் காரணம் உண்டு. கேஎல்-6 காட்டுவது சுவரின் சேதத்தையும் மீளுருவாக்கத்தையும், கொலாஜனை அன்று. சேதம் முழுமையாக ஆறினாலும் தொடக்கத்தில் அளவு உயர்ந்தே இருக்கும். ஆகவே ஒரே ஒரு முறை பார்ப்பதைவிட, வாரங்கள் செல்லச் செல்ல அளவு இறங்குகிறதா என்று பார்ப்பது பொருளுடையது.

மற்றொரு சிக்கலும் உண்டு. கேஎல்-6 அமைந்துள்ள எம்.யு.சி.1 என்ற புரதமே, மார்பகப் புற்றுநோயாளிகளிடம் அளக்கப்படும் சி.ஏ.15-3 குறிகாட்டிக்கும் அடிப்படை. எனவே சில புற்றுநோய்களிலும் கேஎல்-6 உயரும். மேலும் இப்புரதத்தின் மரபணு வேறுபாட்டால் நலமானவர்களிடமே அளவு மாறுபடுகிறது. ஜப்பானியரை வைத்து வகுத்த 500 என்ற எல்லையை வேறு மக்களுக்கு அப்படியே பொருத்த முடியாது.