குண்டு விழுந்த தூரம்

காணையிலிருந்து பார்த்தால் செஞ்சி வடக்கே, கடலூர் தென்கிழக்கே. விழுப்புரத்தில் பஸ் மாறி இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம். நான் அப்படிப் போனவன்தான். காலையில் செஞ்சியின் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் சுற்றிவிட்டு, சாயங்காலம் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடத்தில் நின்றபோதுதான் இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த விற்பனை எனக்கு உறைத்தது. செஞ்சி என்றதும் நமக்குத் தேசிங்கு நினைவுக்கு வருகிறான், 1714-ல் ஆற்காட்டு நவாபோடு மோதிச் செத்தவன். அவனுக்குக் கதைப்பாட்டு உண்டு. குதிரைக்குக்கூடப் பெயர் உண்டு. அதற்கு 24 வருஷம் முன்னால் அதே கோட்டையில் இருந்த ராஜா கடற்கரையை விற்றதைப் பற்றி நான் கேட்ட பாட்டு எதுவும் இல்லை.

ராஜா, சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். 1689-ல் அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் பிடித்துக் கொன்றபின் தப்பிச் செஞ்சிக்கு வந்தவன். மறு வருஷமே ஜுல்பிகர் கானின் மொகலாயப் படை கோட்டையைச் சூழ்ந்தது. அவனுக்குப் பணம் வேண்டும். கடலூரில் ஏற்கனவே துணி வாங்கிக்கொண்டிருந்த கும்பினிக்கு ஒரு கோட்டை வேண்டும். சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் பேரத்தை முடித்தான். 1690-ல் கைமாறியது கோட்டை மட்டுமில்லை. அங்கிருந்து சுடும் பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது நிபந்தனை. சென்னையிலிருந்து பீரங்கி தெரிந்தெடுக்கப்பட்டது. சுடுகிறவனின் சாமர்த்தியத்தையும் மறக்க வேண்டாமென்று யோசனை சொல்லப்பட்டது. செப்டம்பரில் சுட்டார்கள். கடலூரும் சுற்றுக் கிராமங்களும் எல்லைக்குள் அகப்பட்டன. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயர். குழி, மா, காணி என்று நிலத்தை அளந்த ஊரில் வெடிமருந்தும் ஓர் அளவையாயிற்று.

இதை வெள்ளைக்காரத் தந்திரம் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. அதே வெள்ளைக்காரன் துருக்கி சுல்தானிடம் எப்படி நின்றான் என்று பார்க்க வேண்டும். வில்லியம் ஹார்போர்ன் என்ற வியாபாரி 1580-ல் மூன்றாம் முராதிடம் வியாபார உரிமை பெற்றான்; 1583-ல் ராணியின் தூதனாகவே திரும்பிப் போனான். தூதன் ராணிக்கு, செலவு லெவண்ட் கம்பெனிக்கு. அங்கே கிடைத்தது ஒப்பந்தமல்ல, அனுக்கிரகம். சுல்தான் கொடுப்பார், சுல்தான் எடுப்பார். சர் தாமஸ் ரோ இரண்டு வாசல்களையும் பார்த்தவர். 1615-ல் ஜஹாங்கீரிடம் வந்து, கேட்ட உடன்படிக்கை கிடைக்காமல் 1619-ல் திரும்பினார். 1621-ல் இஸ்தான்புல்லுக்குத் தூதராகப் போனார். இரண்டு இடத்திலும் பரிசுப் பொருளோடு காத்திருப்பதுதான் வேலை. எந்த சுல்தானிடமும் யாரும் குண்டு விழும் தூரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலை தப்பியிருக்குமா என்பது வேறு விஷயம்.

இங்கேயும் கும்பினிக்காரன் வாங்கிப் பழகியது கவுல்தான். அரபியிலிருந்து வந்த சொல். கொடுத்த வாக்கு என்று பொருள். வாக்கு கொடுத்தவனிடமே இருக்கும். விற்றது போய்விடும். 1690-ல் நடந்த மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். மாற்றியவன் ஆங்கிலேயன் அல்ல, முற்றுகைக்குள் இருந்த ராஜாவின் வெறும் கஜானா.

ராஜாராமை முட்டாள் என்றும் சொல்ல முடியவில்லை. காப்பாற்ற முடியாத கரையைக் கொடுத்துக் காப்பாற்றக்கூடிய மலையை வைத்துக்கொண்டான். மலை 1698 வரை நின்றது. அதற்குள் அவனும் தப்பிவிட்டான். அந்த மூர்க்கமான எட்டு வருஷத்தில் மொகலாயப் படை எவ்வளவு தேய்ந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் கரை என்ன ஆயிற்று? 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது கும்பினி ஒதுங்கியது இந்தத் தேவனாம்பட்டினத்தில். 1752 வரை சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடம் இதுதான். 1758-ல் லாலி கோட்டையைப் பிடித்து இடித்தான். 1760-ல் கடலூர் திரும்பவும் கும்பினி வசம் வந்தது, குண்டு கிராமங்களோடு.